மூக்கு அலர்ஜிக்கு அக்குபங்சர்

சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மூக்கு அலர்ஜிக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவில் வசந்த காலத்து மகரந்தம் அதைக் கிளப்பும். இங்கே ஈரக்காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் தூசிப்பூச்சிகள் ஆண்டு முழுக்கத் தும்ம வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இப்பூச்சிகளின் எச்சத்தை உடல் எதிரியாக எண்ணி ஐ.ஜி.ஈ. என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதனால் தூண்டப்படும் செல்கள் ஹிஸ்டமினை வெளிவிட, மூக்கு ஒழுகுகிறது, பிறகு அடைத்துக்கொள்கிறது.

இதற்கு அக்குபங்சரில் மூக்கின் இரு பக்கமும், புருவ நடுவிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையிலும் மெல்லிய ஊசிகளைச் செருகுவார்கள். இதைச் சோதித்த பெரிய ஆய்வுகளில் ஒன்று ஜெர்மனியில் 422 பேரிடம் நடந்து 2013-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உண்மையான சிகிச்சை. இன்னொன்றுக்குத் தொடர்பில்லாத இடங்களில் மேலோட்டமான பாவனை ஊசி. மூன்றாவதற்கு ஊசியே இல்லை. தேவைப்பட்டால் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை மூன்று குழுக்களுக்கும் உண்டு. 8 வாரங்களில் 12 முறை குத்திய பின், 0 முதல் 6 வரையான வாழ்க்கைத்தர அளவுகோலில் உண்மை ஊசி பாவனை ஊசியை 0.5 புள்ளி முந்தியது. நோயாளி உணரக்கூடிய மாற்றத்தின் எல்லைக்கோடே அதுதான். 16-ஆம் வாரத்தில் அந்த வேறுபாடும் மறைந்துவிட்டது.

ஆனால் அந்த ஆய்வு மகரந்த அலர்ஜி பற்றியது. சாந்தோம் மூக்குக்கு நெருக்கமானது, ஆண்டு முழுதும் அலர்ஜி உள்ள 72 குழந்தைகளிடம் ஹாங்காங்கில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு. மூக்குத் தொல்லைகள் குறைந்தன, ஆனால் ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளவிலோ மாத்திரைத் தேவையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது தொல்லை தணிந்தது, அலர்ஜி அப்படியே இருந்தது. ஆய்வும் சிறியது.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2015 வழிகாட்டுதல், மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு அக்குபங்சரை ஒரு விருப்பத் தேர்வாக மட்டும் அனுமதிக்கிறது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கோ அது வலுவான பரிந்துரையே தருகிறது. இந்திய அரசு 2003-இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது உண்மைதான். அரசு ஏற்பு வேறு, மூக்கு அலர்ஜிக்குப் பலன் தரும் என்ற நிரூபணம் வேறு. தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுச் செய்யும் முறையும் இதே பெயரில் பரவியிருக்கிறது. மேற்சொன்ன ஆய்வுகள் ஊசியைச் சோதித்தவை. அவற்றைத் தொடுமுறைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

முயன்று பார்க்க விரும்புவோர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தலையணை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பதையும் விடக் கூடாது. அலர்ஜியோடு ஆஸ்துமாவும் இருப்பவர்கள், யார் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.