துடைத்த தரையில் தூங்கும் கிருமி

சிங்கப்பூரின் தெம்பனிசில் உள்ள சில்லுகளுக்கான வேஃபர் ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர். கிளீன் ரூமுக்குள் போவதற்கு முன் என்னென்ன செய்யவேண்டும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தலைக்கு வலை, வாய்க்குக் கவசம், உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பு, கையுறை, கடைசியில் ஒரு காற்றுக் குளியல். முகப்பவுடர் கூடாது. திருநீறும் பவுடர் கணக்கில்தான் சேரும், துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நார் உதிரும் என்பதால் சாதாரணத் தாளில் குறிப்பு எழுதக்கூட விடமாட்டார்கள். இத்தனையும் சிலிக்கான் வட்டின்மேல் ஒரு துகள் உட்காராமல் இருப்பதற்காக.

செவ்வாய்க்குப் போகும் விண்கலங்களையும் இப்படிப்பட்ட அறைகளில்தான் பூட்டுகிறார்கள். தூசியை மட்டும் கணக்குப் பார்த்தால் சில்லு ஆலைதான் சுத்தம். அதன் முக்கியப் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக்கூடாது. பல இடங்களில் விதி இன்னும் கறார். விண்கலம் பூட்டும் கூடங்கள் பலவற்றில் 35 லட்சம் வரைகூட விடுவார்கள். ஆனால் சில்லு ஆலைக்கு, விழுந்த துகள் செத்ததா உயிருள்ளதா என்ற கவலை கிடையாது. விண்கலத்துக்கு அதுதான் முழுக் கவலையும். இங்கிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமியை அங்கே எடுத்துவிட்டு, 'செவ்வாயில் உயிர்' என்று கூவினால் யார் நம்புவார்கள்?

1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தமே, பிற கோள்களில் கேடு தரும் மாசு சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. 1975-இல் செவ்வாய்க்குக் கிளம்பிய வைக்கிங் தரையிறங்கிகளை உறையோடு அடுப்பில் வைத்து, 110 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒரு நாளைத் தாண்டியும் வாட்டினார்கள். அந்தக் காலத்துக் கருவிகள் தாங்கின. இன்றைய மின்னணுப் பாகங்களில் பல அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் துடைப்பதையும் சோதிப்பதையுமே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது.

இந்தச் சோதனையில் பெயர்பெற்றவர் ஒரு தமிழர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நுண்ணுயிரியல் படித்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன், கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகள் விண்கலக் கிருமிகளைத் தேடியவர். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் 40 மாதம் ஓடிய ஒரு ஹெப்பா வடிகட்டியில் அவர் குழு கண்ட பாக்டீரியாவுக்கு, 2017-இல், அப்துல் கலாம் நினைவாக சோலிபேசிலஸ் கலாமி என்று பெயர் வைத்தார்கள். ராமேஸ்வரத்துக்காரர் பெயரில் ஒரு கிருமி இருப்பதை அவரே ரசித்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் நம் கதைக்கு அதைவிட முக்கியமான கிருமி வேறு. ஃபீனிக்ஸ் என்ற செவ்வாய்க் கலம் 2007-இல் ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் தயாரானபோது, அந்தக் கூடத்தின் தரையில் யாரும் அதுவரை அறியாத ஒரு பாக்டீரியா கிடைத்தது. பின்னர் அதே கிருமி, சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளக் கிளீன் ரூமிலும் அகப்பட்டது. அதுவரை வேறெங்கும் கண்டதாகப் பதிவில்லை. 2013-இல் அதற்கு டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்று பெயரிட்டார்கள். பெரும்பாலான கிருமிகள் பட்டினியில் மடியும் இடத்தில் இது எப்படிப் பிழைத்தது?

அதற்கு முன் சோதனை நடக்கும் முறையைப் பார்த்துவிடுவோம். விண்கலத்தின் மேற்பரப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, குச்சியை நீரில் அலசி, அந்த நீரை 80 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டையும் தாங்குபவை, பெரும்பாலும் கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் வித்துகள். அவற்றை ஊட்டக்கூழ் தட்டில் ஊற்றி, மூன்று நாள் கதகதப்பாக வைத்து, தட்டில் முளைத்த புள்ளிகளை எண்ணுகிறார்கள். வித்து போடும் பாக்டீரியாக்களே மிக முரடானவை, அவை இல்லையென்றால் மற்றவையும் இருக்காது என்பது நம்பிக்கை.

டெர்சிகாக்கஸ் வித்தே போடாத இனம். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மதன் திருமலை குழுவினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வில் அதை உணவின்றி உலரவிட்டார்கள். பிறகு வழக்கமான தட்டில் இட்டுப் பார்த்தால் ஒன்றும் முளைக்கவில்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டியிருக்கலாம். ஆனால் இன்னொரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த, உறக்கத்தைக் கலைக்கும் புரதம் ஒன்றைச் சேர்த்ததும் அது எழுந்து வளரத் தொடங்கியது. அத்தனை நாளும் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

உயிர் என்பது என்ன என்று கேட்டால், தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொண்டு டார்வினியப் பரிணாமத்துக்கு உட்படக்கூடிய வேதி அமைப்பு என்று நாசா வட்டாரத்தில் 1990-களிலிருந்து ஒரு விளக்கம் சொல்லிவருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செவ்வாயில் நிற்கும் ஊர்தி எதுவும் பரிணாமத்தைக் காத்திருந்து பார்க்கமுடியாது. அதனால் வைக்கிங் ஒரே ஒரு கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்டது: அங்கே எதுவாவது வளர்சிதைமாற்றம் நடத்துகிறதா? 1976-இல் கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டக்கரைசலைச் செவ்வாய் மண்ணில் சொட்டியபோது, வாயு கிளம்பியது. சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் அதை உயிரின் அடையாளம் என்றார். 2021-இல் இறக்கும்வரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் மண்ணின் வேதியியல்தான் காரணம் என்றார்கள். 2008-இல் தரையிறங்கிய ஃபீனிக்ஸ் அங்கே பெர்குளோரேட் உப்பைக் கண்டதும் அந்தத் தரப்பு வலுத்தது.

இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உறங்கும் கிருமி உண்ணாது, பெருகாது, வாயுவும் விடாது. நம் வீட்டுக் கிருமியையே நமது தட்டு 'இல்லை' என்று சொல்லியது. குளிரும் வறட்சியும் கதிர்வீச்சும் நிறைந்த செவ்வாயில் ஏதேனும் எஞ்சியிருந்தால், அது விழித்திருப்பதைவிட உறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே, வைக்கிங் பாணிச் சோதனை 'இல்லை' என்று சொன்னாலும் அதை நான் முழுசாக நம்பமாட்டேன்.

இன்று தேடலின் போக்கு மாறியிருப்பதும் நல்லதற்கே. செவ்வாயில் உலவும் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் 'செயாவா அருவி' என்று பெயரிட்ட பாறையில் சிறுத்தைப் புள்ளி போன்ற தடங்களைக் கண்டு, துளையிட்டு மாதிரி எடுத்தது. பழைய உயிர்கள் விட்டுச்சென்றிருக்கக்கூடிய தடயம் என்று 2025 செப்டம்பரில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உயிரில்லாத வேதிவினைகளும் காரணமாக இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டமோ செலவு எகிறித் தடுமாறிப்போனது.

இதற்கிடையே, 2025-இல், ஃபீனிக்ஸ் பூட்டப்பட்ட அதே அறையில் முன்பு சேகரித்தவற்றின் மரபணுக்களைப் படித்து, மேலும் 26 புதிய பாக்டீரியா இனங்களை வெங்கடேஸ்வரன் உள்ளிட்ட குழு பட்டியலிட்டது. தட்டில் முளைப்பதை மட்டும் எண்ணாமல் மரபணுவைப் படித்து வைப்பதுதான் சரியான வழி. யார் கூட வந்தார்கள் என்று தெரிந்தால்தான் யார் அங்கிருந்தவர்கள் என்று சொல்லமுடியும்.

பெர்சிவரன்ஸ் எடுத்துச்சென்ற 43 குழாய்களில் 5 குழாய்கள் பாறை எதையும் அள்ளுவதற்கானவை அல்ல. பூமியிலிருந்து என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்தன என்பதற்குச் சாட்சியாக வைத்தவை. செவ்வாயில் உயிர் கண்டுபிடிப்பு என்று என்றைக்காவது தலைப்புச் செய்தி வந்தால், அந்த ஐந்து சாட்சிக் குழாய்களிலும் என்ன இருந்தது என்று முதலில் கேளுங்கள்.