பலா மரத்தில் ஒரு ரெட் ஸ்பெஷல்

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், லண்டனின் மேற்குப் புறநகரான ஃபெல்தமில், 16 வயதுப் பையன் ஒருவன் தன் தந்தையோடு சேர்ந்து மின் கிற்றார் ஒன்று செய்யத் தொடங்கினான். கடையில் தொங்கிய அமெரிக்க ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாங்கும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இல்லை. தந்தை ஹரோல்ட் மே இலத்திரனியல் தெரிந்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். அது போதுமானதாக இருந்தது.

யாரோ கழற்றிப் போட்ட கணப்படுப்பின் மேற்சட்டம், நூறு வயது தாண்டிய மகோகனி, கிற்றாரின் கழுத்தானது. புழு அரித்த துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலின் நடுத்துண்டுக்குப் பழைய மேசையொன்றின் ஓக் பலகை கிடைத்தது. விரற்பலகையில் இடம் காட்டும் வெள்ளைப் பொட்டுகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுருதியை ஆட்டும் கைபிடி, சைக்கிளில் பை மாட்டும் கம்பி. அதன் நுனிக் குமிழ் பின்னல் ஊசியில் வெட்டியெடுத்தது. தந்திகளின் இழுவையைத் தாங்கி நின்றவை 1928ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு.

வேலை முடிய ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்தது. அந்தப் பையன்தான் பிரையன் மே. 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர் பெற்ற அந்தக் கிற்றாரோடுதான் அவர் குயீன் இசைக்குழுவில் உலகத்தைச் சுற்றினார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரையில் நின்று வாசித்தபோதும் கையில் இருந்தது அதுவே. 2007இல் இம்பீரியல் கல்லூரியில் வான்பௌதிகவியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

உலகின் பல மூலைகளில் இந்தக் கிற்றாரைப் பிரதி செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலிய வாத்தியக் கைவினைஞர் கிரெக் ஃப்ரையர். மூலத்தை நுணுக்கமாக அளந்து 1990களில் மூன்று பிரதிகள் செய்தார். 1998இல் மூலக் கிற்றாரைப் புதுப்பிக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. பிரதி செய்தவருக்குத்தான் மூலத்தின் நெளிவு சுளிவு தெரியும் என்பதை பிரையன் மே உணர்ந்திருந்தார்.

கொழும்பு பொரளையில் ஒரு வீட்டின் பின்கட்டில் இதே வேலையைச் செய்ய முடியுமா? தாராளமாக முடியும். 2022இல் ஒரு டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய பிறகு, வெளிநாட்டுக் கிற்றார் இங்குள்ள பிள்ளைகளுக்கு இன்னும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆனால் ரெட் ஸ்பெஷலுக்குத் தேவையான பொருட்கள் பெரும்பாலும் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. எதை அச்சொட்டாகச் செய்ய வேண்டும், எதை மாற்றிக்கொள்ளலாம் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லித் தருவது பௌதிகவியல்.

மரத்தை மாற்றலாம்

மின் கிற்றாரில் ஒலி பிறப்பது தந்தியில். அந்த அசைவை மின்னாக மாற்றுவது காந்தமும் சுருளும். வயலினுக்கோ வீணைக்கோ மரம் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இங்கே இல்லை. கழுத்து வளையாமல் நிற்க வேண்டும். உடல் தந்தியின் சக்தியை வீணாக உறிஞ்சாமல் இருக்க வேண்டும். இவை இரண்டும்தான் மரத்திடம் நாம் கேட்பவை.

ஆறு தந்திகளையும் சுருதிக்கு முறுக்கினால் கழுத்தின் மீது முப்பது கிலோவுக்கு மேல் இழுவை விழுகிறது, இரவும் பகலும் விடாமல். கொழும்பின் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 வீதத்துக்கு மேல். பச்சை வாடை போகாத பலகை இந்த இரண்டுக்கும் நடுவே முறுகிப்போகும். அதனால்தான் பழைய மரம் நல்லது. நெடுங்காலம் வெயிலையும் மழையையும் பார்த்த மரம், சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடித்திருக்கும். பொரளையிலும் அதைச் சுற்றியும் பழைய வீடுகளை உடைத்து மாடிகள் எழுப்பும் இந்தக் காலத்தில், கதவு நிலையும் ஜன்னல் சட்டமும் விலைக்கு வருகின்றன. தேக்கோ பலாவோ மகோகனியோ, நேரான இழையோடு முடிச்சில்லாத துண்டாகப் பார்த்து எடுத்தால் போதும்.

பலா என்றால் தயங்கத் தேவையில்லை. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் குடையப்படுகிறது. இலங்கையில் பலா மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்பதாலும் பழைய பலகையே நேர்மையான வழி. விரற்பலகைக்கு உலகமே தேடி அலைந்த கருங்காலி நம் காட்டு மரம். இன்று அது பாதுகாக்கப்பட்ட மரம். அதைத் தொடவே வேண்டாம். பிரையன் மேயின் விரற்பலகையும் கருங்காலி அல்ல, கறுப்பு மெருகு பூசிய ஓக்.

உடலுக்குள் ஒரு வெற்றிடம் விடுவதை மட்டும் மறக்கக்கூடாது. ரெட் ஸ்பெஷல் முழுத் திண்மமான கிற்றார் அல்ல. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி அந்த வெற்றிடத்தையும் பலகையையும் அதிரவைக்க, அந்த அதிர்வு மீண்டும் தந்தியை அசைக்க, ஒரு சுரம் மங்காமல் நீண்டு ஒலிக்கும். பிரையன் மே வேண்டுமென்றே தேடிப் பெற்ற குணம் அது.

மெட்டுக் கணக்கை மாற்ற முடியாது

ரெட் ஸ்பெஷலின் தந்தி நீளம் 24 அங்குலம், அதாவது 609.6 மில்லிமீற்றர். விரற்பலகையின் குறுக்கே பதிக்கும் மெட்டுகள் 24. வீணைக்கும் 24 மெட்டுத்தான். இரண்டிலும் ஒரு தந்தியில் இரண்டு ஸ்தாயி கிடைக்கும். ஆனால் வீணையின் மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு இடம் பார்ப்பார்கள். சரியில்லாவிட்டால் இளக்கி நகர்த்தலாம். கிற்றாரின் மெட்டு வாள் கொண்டு அறுத்த வெட்டில் இறங்கி உட்கார்ந்துவிடும். பிறகு நகராது. எனவே முழுப் பொறுப்பும் கணக்கின் மேல் விழுகிறது.

கணக்கு இதுதான். ஒரு ஸ்தாயி ஏறினால் மீடிறன் இரு மடங்காகும். அந்த ஸ்தாயியை 12 சம அரைச்சுரங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு படிக்கும் மீடிறன் 1.05946 மடங்கு கூடும். தந்தியின் நீளம் அதே விகிதத்தில் குறையும். நடைமுறையில் மீதித் தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டுக்கான இடைவெளி வந்துவிடும். முதல் இடைவெளி 34.2 மில்லிமீற்றர். 12ஆம் மெட்டு சரியாக நடுவில், 304.8இல். 24ஆம் மெட்டு 457.2இல். 23க்கும் 24க்கும் நடுவே இருப்பது 9 மில்லிமீற்றர் சொச்சம்தான்.

எங்கே கவனம் வேண்டும் என்பதையும் இந்த எண்களே காட்டுகின்றன. ஓர் அரைச்சுரத்தை 100 கூறாக்கி அளப்பது வழக்கம். ஒரு கூறின் பெயர் சென்ட். முதல் மெட்டில் கை ஒரு மில்லிமீற்றர் பிசகினால் ஏற்படும் பிழை 3 சென்ட். அதே ஒரு மில்லிமீற்றர் 24ஆம் மெட்டில் 11 சென்ட் ஆகிவிடும். பழகிய காதுக்கு அது உடனே உறுத்தும். ஆகவே ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டை அளந்துகொண்டு போகக் கூடாது; சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து மேல் மெட்டுகளில் பெரிதாகும். எல்லா அளவையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே எடுக்க வேண்டும். இரும்பு அளவுகோலை இறுக்கிப் பிடித்துவைத்து, பென்சிலுக்குப் பதில் கூரான கத்தி நுனியால் கீறுவது தச்சர் முறை. கத்திக் கீறல் வாளுக்கு வழியும் காட்டும்.

உராய்வை வென்ற கத்தி முனை

கைபிடியை அமுக்கினால் எல்லாத் தந்திகளும் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு வர வேண்டும். அக்காலத்துக் கிற்றார்கள் பலவற்றில் அது சரியாக வருவதில்லை. காரணம் உராய்வு. தந்தி தொட்டு வளையும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். திரும்பும்போது அந்தச் சிக்கல் முழுதாக அவிழாது.

தந்தையும் மகனும் இதை வேரோடு அறுத்தார்கள். பாலத்தில் தந்தியைத் தாங்கும் இடத்தில் கையால் கடைந்த சிறு உருளைகளை வைத்தார்கள். தந்தி தேயாமல் உருண்டு போகும். மறுமுனையில் தந்தியின் நீளத்தைத் தீர்மானிப்பது, முதல் மெட்டுக்கு முன்னால் தந்தி தொடங்கும் இடத்தில் பதித்த பூச்சிய மெட்டு. பாலத்துக்குப் பின்னால் தந்திகளின் நுனியைப் பிடித்திருக்கும் பகுதி, கடினமாக்கிய எஃகுக் கத்தி முனை ஒன்றின் மேல் ஆடும். செட்டியார் தெரு நகைக்கடையில் பொன் நிறுத்த பழைய தராசும் இப்படித்தான் கத்தி முனையில் தொங்கியது. தொடும் இடம் சுழலும் அச்சிலேயே இருப்பதால் உராய்வின் திருப்பம் மிகச் சிறிது, முள் நின்ற இடத்துக்கே திரும்பும்.

தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் வால்வு ஸ்பிரிங்குகள் தள்ளுகின்றன. பொரளைச் சந்தியிலிருந்து மருதானைப் பக்கம் பஸ் ஏறினால் பஞ்சிகாவத்தை. பழைய வாகன உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் தேடுவது பெரிய பாடல்ல. பாந்தர்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே விறைப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடைத் தராசின் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, துளையிடும் இயந்திரத்தின் கைபிடியால் 5 மில்லிமீற்றர் அமுக்கித் தராசு காட்டும் கிலோவைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் அந்தச் சோடி உங்களுடையது. ஹூக்கின் விதியை இதைவிடப் பயனுள்ள இடத்தில் பார்ப்பது அரிது.

காந்தமும் சுருளும்

காந்தமும் சுருளும் சேர்ந்த உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர்; மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அதன் உயிர். காந்தத்தின் அருகே உருக்குத் தந்தி அதிர்ந்தால் சுருளைக் கடக்கும் காந்தப் பாயம் மாறும். சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். பிரையன் மே முதலில் பிக்கப்புகளையும் வீட்டிலேயே சுற்றினார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைத்தபோது வேண்டாத ஒரு சத்தம் கேட்டது. காந்த முனைகளை அடுக்கிய விதம் அதற்குக் காரணம். ஆகவே பேர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினார். சுருளின் கம்பிகள் தளர்ந்து தாமே அதிர்ந்தால் கீச்சொலி வரும் என்பதால் உள்ளே அரல்டைற் பசையை நிரப்பினார்.

வீட்டில் சுற்ற விரும்புவோர் மனம் தளரத் தேவையில்லை. தலைமுடி அளவு மெல்லிய, இனாமல் பூசிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். எண்ணுவதற்குப் பழைய கணிப்பானே போதும். அதன் சமக் குறிப் பொத்தானுக்குக் குறுக்கே காந்தத்தால் மூடும் சிறு ஆளி ஒன்றை ஒட்டவைத்து, சுழலும் சக்கரத்தில் ஒரு காந்தத்தைப் பொருத்தி, ஒன்றோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால், ஒவ்வொரு சுற்றுக்கும் திரையில் ஓர் எண் ஏறும். ஆளியும் இணைப்பு வயர்களும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடலாம்.

ரெட் ஸ்பெஷலின் குரலுக்கு அசல் காரணம் இணைப்பு முறை. பெரும்பாலான கிற்றார்களில் பிக்கப்புகள் சமாந்தரமாக இணைந்திருக்கும். இதில் அவை தொடராக இணைந்திருக்கின்றன. மின்னழுத்தங்கள் கூடி ஒலி தடித்து வரும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு ஆளிகள்: ஒன்று திறந்து மூட, மற்றது முனைகளைத் தலைகீழாக்க. இரண்டு பிக்கப்புகளில் ஒன்றைத் தலைகீழாக்கினால் இரண்டுக்கும் பொதுவான அசைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் அடிப்படைச் சுரத்தில் இரண்டு இடங்களும் சேர்ந்தே மேலும் கீழும் போவதால் அது பெருமளவு தேய்ந்துவிடும். மேற்றொனிகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் தப்பிப் பிழைக்கும். மெல்லிய, கூர்மையான, மூக்கால் பாடுவது போன்ற அந்தக் குரல் இப்படித்தான் பிறக்கிறது. ஆறு சாதாரண ஆளிகள் செய்யும் வேலை இது. பிரதியில் மரத்தை மாற்றினாலும், இந்த இணைப்பை மட்டும் அப்படியே செய்ய வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் இரைந்துகொண்டே இருக்கும்; ஒற்றைச் சுருள் அதையும் பிடித்துக்கொள்ளும். பிக்கப் குழிகளுக்குள் செப்புத் தகடோ அலுமினியத் தாளோ ஒட்டி நில இணைப்போடு சேர்த்தால் இரைச்சல் ஓரளவு குறையும். தந்திகளும் அதே இணைப்பில் இருக்கும். ஆதலால் ஒலிபெருக்கியின் நில இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதைத் தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்யாமல் தந்தியில் கை வைக்க வேண்டாம்.

பாடப் புத்தகம் கேட்கும் ஓசை

உயர்தரப் பௌதிகவியல் மாணவர் ஆய்வுகூடத்தில் சுரமானியை வைத்துத் தந்தியின் நீளத்துக்கும் மீடிறனுக்கும் உள்ள தொடர்பை வரைபாக்குகிறார். ஹூக்கின் விதி, தூண்டல் விதி, அலைகள் ஒன்றையொன்று அழிப்பது எல்லாம் அதே பாடத்திட்டத்தில் வேறு வேறு அத்தியாயங்களாகக் கிடக்கின்றன. பரீட்சை முடிந்ததும் பலருக்கு அவை மறந்துபோகின்றன. ஒரு ரெட் ஸ்பெஷலைச் செய்பவருக்கு அவை மறக்கவே மறக்காது. கணக்குத் தப்பினால் காது சொல்லிவிடும்.

ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் தமிழ்ப் பொப் பாடல்களால் கலக்கிய நாடு இது. வாசிக்கும் கைகளுக்கு இங்கே என்றும் குறைவில்லை. செய்யும் கைகளும் பெருக வேண்டும். பாடசாலை விஞ்ஞானச் சங்கங்கள் இதை எடுத்துச் செய்யலாம்: தச்சு தெரிந்த ஒருவர், ஈயப்பற்றுப் பிடிக்கத் தெரிந்த ஒருவர், கணக்கில் விடாப்பிடியான ஒருவர் சேர்ந்தால் குழு தயார்.

தொடங்குவதற்குப் பணமும் வேண்டாம். நீளமான தாள் ஒன்றில் 609.6 மில்லிமீற்றர் கோடு இழுத்து, 17.817ஆல் வகுத்து, 24 மெட்டுகளையும் குறித்துப் பாருங்கள். 12ஆவது கோடு சரியாக நடுவில் விழுந்தால் கணக்கு சரி. அதன் பிறகு மரம் தேடப் போகலாம்.