பிரைவேட் நம்பரும் பாஸ்வேர்டும்

பழவங்காடியில் கடை வைத்திருக்கும் நம் சங்க அன்பர் ஒருவர், இரவில் கரமனையிலுள்ள வீட்டிலிருந்தே கடைக் கணக்கைப் பார்க்கிறார். கணக்கு இருப்பது கடையிலும் அல்ல, வீட்டிலும் அல்ல. மாத வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரில். "பாஸ்வேர்டு போட்டுத்தானே சார் வைத்திருக்கிறேன், பிறகு என்ன பயம்?" என்று கேட்டார். என்ன பாஸ்வேர்டு என்று நான் கேட்கவில்லை, அவரே சொல்லிவிட்டார். கடையின் பெயரும் அது தொடங்கிய ஆண்டும். இரண்டும் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கணபதிக்குத் தேங்காய் உடைக்கப் போகிற அத்தனை பேரும் அதைப் படித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

என் மருமகன் டெக்னோபார்க்கில் இந்தத் துறையிலேயே இருக்கிறார். அவரைக் கூட வைத்துக்கொண்டு அந்தச் சர்வரின் லாக் கோப்பைப் பார்த்தோம். அது ஸ்டேஷனில் எழுதும் டிரெய்ன் ரிஜிஸ்டர் மாதிரி; வந்தவர், போனவர் எல்லாம் நேரத்தோடு பதிவாகும். சில விநாடிகளுக்கு ஒருமுறை யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். ரூட் என்ற பெயரில், அட்மின் என்ற பெயரில், டெஸ்ட், ஆரக்கிள், உபுண்டு என்று மாறி மாறி. இரவு முழுவதும் ஓயவில்லை. அன்பரின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு யாரப்பா இத்தனை எதிரி?" என்றார். "எதிரி யாரும் இல்லை அண்ணாச்சி. இதைச் செய்வது மெஷின். உலகத்தில் இருக்கிற எல்லாக் கதவையும் வரிசையாகத் தட்டும். எது திறக்கிறதோ அதில் நுழையும்" என்றார் மருமகன். இணையத்தின் பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. மெஷினுக்கு அது பெரிய எண் அல்ல.

சிறிய கடைக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று நினைக்கலாம். 2024 ஏப்ரல் இறுதியில் நம் ஊர் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு, கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டது நினைவிருக்கும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நோயாளிகள் வந்து காத்திருக்கும் இடம் அது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் இப்படி நடந்து, பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதிச் சமாளித்தார்கள். சர்வருக்குள் நுழைய வழிகள் பல உண்டு. அவற்றில் பழையதும் சுலபமானதும், தொலைவிலிருந்து லாகின் செய்வதற்காக நாமே திறந்து வைத்திருக்கும் கதவு.

முன்பெல்லாம் இதற்கு டெல்நெட் என்ற முறை இருந்தது. அதில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகக் கம்பியில் போகும். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள். அங்கிருந்த டாட்டு யுலோனன் என்பவர் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்ததால், இடையில் காலியாக இருந்த 22-ஆம் எண்ணை இதற்குக் கேட்டு வாங்கினார். இன்று உலகத்து லினக்ஸ் சர்வர்களின் வாசல் பெரும்பாலும் அந்த 22-தான். இது ஒட்டுக்கேட்பதைத் தடுத்தது. ஆனால் பாஸ்வேர்டை ஊகிப்பவனை எப்படித் தடுக்கும்? அது நம் கையில் இருக்கிறது.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு இது உடனே புரிந்தது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் டெலிபோனில் பேசி ஒரு முக்கியச் செய்தியை உறுதி செய்யும்போது பிரைவேட் நம்பர் சொல்வார்கள். அச்சிட்ட தாளில் இரண்டிலக்க எண்கள் முன்பின்னாக இருக்கும். ஒன்றைச் சொன்னதும் அதை அடித்துவிட வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவன் நேற்றைய எண்ணை வைத்துக்கொண்டு இன்று வண்டியை அனுப்ப முடியாது. பாஸ்வேர்டோ, ஆண்டுக்கணக்கில் அதே சொல். இதை ரயில்வேயில் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எஸ்.எஸ்.எச்.சில் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஜோடி வைக்கலாம். ஒன்று பொதுச் சாவி. அதைச் சர்வரில் வைக்கிறோம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. மற்றது நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாத தனிச் சாவி. லாகின் செய்யும்போது நம் கம்ப்யூட்டர் தனிச் சாவியால் அந்தத் தடவைக்கு மட்டுமான ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பும். சர்வர் பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். அடுத்த முறை அதே கையெழுத்து செல்லாது. பிரைவேட் நம்பரேதான். அந்தச் சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்க இன்றுள்ள மெஷின்களுக்கு ஆயுள் போதாது.

சாவி வைத்த பிறகும் பாஸ்வேர்டு வழியைத் திறந்தே விடுகிறவர்கள் உண்டு. முன்வாசலுக்கு இரும்புப் பூட்டு, கொல்லைப்புறத்துக்குக் கொக்கி என்ற கதைதான். சர்வரின் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு லாகினுக்கு "நோ" என்று எழுத வேண்டும். ரூட் நேரடியாக நுழைவதற்கும் "நோ". இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஜன்னலை மூடாமல், இரண்டாவது ஜன்னலில் புதிய சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூட வேண்டும். இல்லாவிட்டால் நாமே வெளியே நிற்போம். பாயிண்ட் மெஷினில் கை வைப்பதற்கு முன் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து, வேலை முடிந்து சோதித்த பிறகே ரீகனெக்‌ஷன் மெமோ கொடுத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தனிச் சாவிக்கும் ஒரு கடவுத்தொடர் போட்டு வைப்பது நல்லது. லேப்டாப்பையே ஒருவன் தூக்கிக்கொண்டு போகலாமே. ரிலே ரூமுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் ஊழியரிடம் என்பது பழைய விதி. 2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் விபத்துக்குப் பிறகு, இந்த இரட்டைப் பூட்டு எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி ரயில்வே வாரியம் உத்தரவிட்டது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தில், தொலைவிலிருந்து நுழைவதற்கான ஒரு பழைய கணக்குக்குப் பாஸ்வேர்டு மட்டுமே இருந்தது, இரண்டாவது பூட்டு இல்லை. அந்த வழியாக வந்தவர்களால் கிழக்குக் கடற்கரையின் எரிபொருள் குழாய் பல நாட்கள் நின்றது. நிறுவனம் கொடுத்த பணயத் தொகை சுமார் 44 லட்சம் டாலர்.

22-ஐ வேறு எண்ணாக மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். லாக்கில் கூச்சல் குறையும், அவ்வளவுதான். பல தடவை தவறாகத் தட்டும் முகவரியைச் சிறிது நேரம் விலக்கி வைக்கும் ஃபெயில்டுபேன் என்ற இலவச மென்பொருள் உண்டு, போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆயிரம் முகவரிகளிலிருந்து ஆளுக்கு ஒரு தட்டு என்று வருபவனை அது என்ன செய்யும்? பாஸ்வேர்டு வழியையே மூடிய பிறகு அவன் தட்டினால் தட்டட்டும்.

மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் அவசியம். அதிலும் கண் வேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச். லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டினார். எக்ஸ்.இசட். என்ற துணை மென்பொருளுக்குள் யாரோ கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்தது. உலகம் முழுவதும் பரவுவதற்குள் பிடித்துவிட்டார்கள். ரிலே விழும் சத்தம் சற்றுத் தாமதமானாலே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் பழைய சிக்னல் ஃபோர்மேன்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

பழவங்காடி அன்பரின் சர்வரில் இப்போது பாஸ்வேர்டு லாகின் இல்லை. பொதுச் சாவிகள் இருக்கும் கோப்பில் இரண்டே வரிகள்: ஒன்று அவருடையது, மற்றது அவர் மகனுடையது. கணக்கெழுத வந்து, பிறகு வேலையை விட்டுப் போன பையனின் கணக்கும் அந்தச் சர்வரில் இருந்தது. அதையும் அன்றைக்கே நீக்கிவிட்டோம்.