மூக்கு நாயும் கண்ணு நாயும்

போன வாரம் சரவணம்பட்டி ரோட்டுல ஒரு பூனையைப் பார்த்ததும் நம்ம சிப்பிப்பாறை கயித்தை உருவிட்டு ஓடிருச்சு. ஒரு மணி நேரம் தேடினேன்.

பிரான்ஸ்ல உருவான பாசெட் நாய்கள் வேற ரகம். குட்டைக் கால், தொங்குற காது. மூக்கைத் தரையில வெச்சு, முயல் போன வாசனையைப் பிடிச்சுக்கிட்டே போகும். வேட்டைக்காரர் பின்னாடி நடந்தே போகலாம். சிப்பிப்பாறை கண்ணை நம்புற நாய். நம்ம தெக்கத்தி வெட்டவெளியில முயல் தூரத்துலயே தெரியும், அப்புறம் வேகம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ முயல் வேட்டை குற்றம். அது நாயோட காலுக்குத் தெரியாதே!

“ஓடறப்ப கூப்புடாத கண்ணு, அதுக்குக் காதே கேக்காது”ன்னாரு அப்பிச்சி. இப்போ அவர் தோட்டத்துக் கம்பிவேலிக்குள்ள மட்டும்தான் அவுத்து விடறேன்.