மாற்றத்துக்கான காரணம் யாரிடம் இருக்கிறது? ஊக்கமூட்டும் நேர்காணலும் இணையவழி உளவியலாளர் தேர்வும்

ஒரு பழக்கத்தை விட வேண்டும் என்ற எண்ணமும், விட மனமில்லாத நிலையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும். மது, புகையிலை, சர்க்கரை நோய்க்கான மாத்திரையைத் தவறவிடுவது, உடற்பயிற்சியைத் தள்ளிப்போடுவது எனப் பலவற்றிலும் இதே நிலைதான். இப்படி மனம் இரண்டுபட்டு நிற்பவரோடு பேசுவதற்கென்றே உருவான ஆலோசனை முறை ஊக்கமூட்டும் நேர்காணல். உளவியலாளர்களின் அறிமுகக் குறிப்புகளில் இது ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்றோ, சுருக்கமாக ‘எம்.ஐ.’ என்றோ இருக்கும். மேடையில் நிகழ்த்தப்படும் ‘மோட்டிவேஷன்’ உரைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே பேச்சாளர் பேசுவார், கேட்பவர் உற்சாகம் பெறுவார். இங்கே பெரும்பகுதி பேசுபவர், உதவி தேடி வந்தவர்.

இந்த முறையில் தேர்ந்த ஒருவரை இணையத்தில் கண்டுபிடிக்க, முறை எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை அறிவு தேவை. அது இருந்தால், அறிமுகக் குறிப்பில் எழுதியிருப்பது உரையாடலிலும் இருக்கிறதா என்பதை முதல் அமர்விலேயே கண்டுகொள்ளலாம்.

முறை பிறந்த கதை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் வில்லியம் மில்லர், 1982 இல் நார்வேயின் பெர்கன் நகரில் தங்கி, குடிநோய்ச் சிகிச்சையில் இருந்த இளம் உளவியலாளர்களோடு பணியாற்றினார். நோயாளிகளோடு எப்படிப் பேசுகிறார் என்பதை நடித்துக் காட்டும்படி அவர்கள் கேட்டார்கள். ஏன் இந்தக் கேள்வி, ஏன் இந்தப் பதில் என்று இடைமறித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு விளக்கும் முயற்சியில், தான் அதுவரை உள்ளுணர்வாகச் செய்துவந்ததை மில்லர் விதிகளாக வகுத்தார். அது 1983 இல் ஆய்விதழ்க் கட்டுரையாக வெளிவந்தது. பின்னர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வேல்ஸில் பணியாற்றிய ஸ்டீபன் ரோல்னிக் அவரோடு இணைந்தார். இருவரும் எழுதிய நூலின் முதல் பதிப்பு 1991 இலும், நான்காம் பதிப்பு 2023 இலும் வந்தன.

அக்காலத்தில் அமெரிக்கக் குடிநோய்ச் சிகிச்சையில், நோயாளியைக் கடுமையாகப் பேசி உண்மையை ஒப்புக்கொள்ள வைப்பதே வழக்கமாக இருந்தது. மில்லரின் வழி அதற்கு நேர் எதிர். நோயாளியை மதித்து, அவர் சொல்வதை ஆழ்ந்து கேட்கும் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸின் அணுகுமுறையை அவர் அடித்தளமாகக் கொண்டார். மில்லரும் சக ஆய்வாளர்களும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதிப் பேசினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நோயாளி ஓராண்டுக்குப் பிறகு அதிகமாகக் குடித்தார் என்று காட்டியது.

உரையாடலுக்குள் என்ன நடக்கிறது

மாறத் தயங்கும் ஒருவரிடம், அவர் ஏன் மாற வேண்டும் என்று பிறர் வாதாடினால், மாறாமலிருப்பதற்கான நியாயங்களை அவர் அடுக்கத் தொடங்குவார். தன் வாயால் சொன்ன நியாயம் தன்னிடமே வலுப்பெறும். ஊக்கமூட்டும் நேர்காணல் இந்த இயல்பைத் திருப்பிப் பயன்படுத்துகிறது. மாற்றத்துக்கான காரணங்களை அவரே தன் சொற்களில் சொல்லும்படி உரையாடல் நகர்கிறது. அறிவுரை சொல்லித் திருத்திவிட வேண்டும் என்ற துடிப்பை அடக்கிக்கொள்வது ஆலோசகருக்கான முதல் பயிற்சி.

ஒருவர் இப்படிச் சொல்வதாகக் கொள்ளலாம்: “குடியை விடணும்னுதான் இருக்கேன் சார். ஆனா அது இல்லாம ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது.”

அறிவுரை வழியில் வரும் பதில்: “இப்படியே போனா கல்லீரல் கெட்டுப்போயிடும். பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க.”

ஊக்கமூட்டும் நேர்காணலில் வரும் பதில்: “விடணும்ங்கிற எண்ணம் உங்களுக்கே வந்திருக்கு. தூக்கத்துக்கு வேற வழி தெரியாததுதான் தடுக்குது.”

இரண்டாவது பதிலில் அறிவுரையும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆனால் அதைக் கேட்டவர் அடுத்துப் பேசப்போவது, ஏன் விட நினைக்கிறார் என்பதையோ, தூக்கத்துக்கு என்ன செய்யலாம் என்பதையோ பற்றித்தான். இப்படிச் சொன்னதன் உட்பொருளைத் திருப்பிச் சொல்வது இந்த முறையின் முதன்மையான கருவி. ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாத திறந்த கேள்விகள், அவர் எடுத்த முயற்சியை மனமாரக் குறிப்பிடுவது, பேசியவற்றைத் தொகுத்துச் சொல்வது ஆகியவை மற்ற மூன்று.

அளவுகோல் கேள்வி என்ற ஒன்றும் உண்டு. மாற்றம் எவ்வளவு முக்கியம் என்பதை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகச் சொல்லும்படி ஆலோசகர் கேட்பார். 4 என்று பதில் வந்தால், “ஏன் 2 சொல்லாம 4 சொன்னீங்க?” என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை, மாற வேண்டும் என்பதற்கான அவருடைய சொந்தக் காரணமாகவே இருக்கும். “ஏன் 8 சொல்லவில்லை?” என்று கேட்டிருந்தால், மாறாமலிருக்கும் காரணங்களே வந்திருக்கும்.

முதலில் நம்பிக்கையான உறவு, அடுத்து எதைப் பற்றிப் பேசுவது என்ற தெளிவு, பிறகு மாற்றத்துக்கான காரணங்களை வெளிக்கொணர்தல், அவர் தயாரானதும் திட்டம் என்று நான்கு படிகளாக உரையாடல் செல்கிறது. ஏற்கெனவே உறுதியான முடிவோடு வருபவருக்கு மூன்றாம் படியில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. அவரோடு நேரடியாகத் திட்டத்துக்குப் போகலாம்.

பலன் உண்டா?

அமெரிக்காவில் 1,726 பேரிடம் நடந்து, 1997 இல் முடிவுகள் வெளியான ‘புராஜெக்ட் மேட்ச்’ என்ற ஆய்வு, குடிநோய்க்கான மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டது. இரண்டு சிகிச்சைகளில் 12 வாரங்களும் வாரம் ஓர் அமர்வு. ஊக்கமூட்டும் நேர்காணலை அடிப்படையாகக் கொண்ட மூன்றாவதில் மொத்தம் நான்கே அமர்வுகள். மூன்றின் பலனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

நம் சூழலுக்கு நெருக்கமானது கோவா ஆய்வு. சங்கத் என்ற தன்னார்வ நிறுவனம், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கான அளவில் குடிக்கும் ஆண்களுக்கு ஒன்று முதல் நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை அளித்தது. ஊக்கமூட்டும் நேர்காணலை ஒட்டி அமைந்த இந்த ஆலோசனையை வழங்கியவர்கள் மனநலப் பட்டம் பெறாத, பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதங்களுக்குப் பிறகு, முந்தைய 14 நாட்களில் சிறிதும் குடிக்காதவர்கள் ஆலோசனை பெற்றோரில் 42 சதவீதம், பெறாதோரில் 18 சதவீதம்.

இதிலிருந்து பெறும் பாடம், பலனைத் தருவது பெயருக்குப் பின்னால் நிற்கும் பட்டங்களின் நீளம் மட்டும் அன்று என்பது. முறையான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் பெரும் பங்கு வகிக்கின்றன.

இணையவழி எப்போது போதாது

முழுக்க முழுக்கப் பேச்சால் நடக்கும் சிகிச்சை என்பதால், இது காணொளி அழைப்புக்கும் தொலைபேசிக்கும் இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் சில நிலைகளில் முதலில் தேவைப்படுவது மருத்துவமனை.

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, கடும் நடுக்கம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் கை நடுங்கி, குடித்தால் மட்டுமே நடுக்கம் நிற்கிறது என்பவர் மருத்துவரின் கண்காணிப்பில்தான் குடியை நிறுத்த வேண்டும். தற்கொலை எண்ணம், யதார்த்தத்திலிருந்து விலகிய மனநிலை ஆகியவற்றுக்கும் நேரடி மருத்துவம் முதலில் வர வேண்டும்.

தகுதியைச் சரிபார்ப்பது

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர், 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை நோயாளிக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று 2020 இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மருந்து எழுதித் தரும் அதிகாரம் மருத்துவருக்கே உண்டு, உளவியலாளருக்கு இல்லை.

‘கவுன்சலர்’ என்று மட்டும் போட்டுக்கொள்பவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. என்ன படித்தார், எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் பணியாற்றினார் என்பதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர்கள், தாங்கள் வசிக்கும் நாட்டின் விதிகளையும் பார்க்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில், அமர்வின்போது சிகிச்சை பெறுபவர் இருக்கும் மாநிலத்தின் உரிமம் உளவியலாளருக்குத் தேவை என்பது பொது விதி.

பயிற்சியைச் சரிபார்ப்பது

ஊக்கமூட்டும் நேர்காணலுக்கெனத் தனி உரிமம் எதுவும் கிடையாது. மில்லரும் ரோல்னிக்கும் இதைத் தங்கள் வணிகச் சொத்தாகப் பதிவு செய்யவில்லை. அதனால் எவரும் தம் குறிப்பில் இந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் பயிலரங்கு மட்டும் போதாது என்பதும், தன் அமர்வுகளைப் பிறர் கேட்டுக் கருத்துச் சொல்லித் திருத்தும்போதே திறமை நிலைக்கிறது என்பதும் மில்லர் குழுவின் 2004 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய உண்மை. எனவே முதல் தொடர்பிலேயே மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

1. இந்த முறையில் எங்கே, யாரிடம் பயிற்சி பெற்றீர்கள்? 1997 இல் உருவான ‘மின்ட்’ என்ற பன்னாட்டுப் பயிற்றுநர் அமைப்பைச் சேர்ந்தவரிடம் பயின்றிருந்தால் நல்லது.

2. உங்கள் அமர்வுகளை யாராவது கேட்டு மதிப்பிட்டிருக்கிறார்களா?

3. என்னைப் போன்ற சிக்கலோடு வருபவர்களிடம் இதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

மூன்றாம் கேள்விக்கு நூல் விளக்கம் மட்டுமே வந்தால் அனுபவம் குறைவு என்று கொள்ளலாம்.

முதல் அமர்வில் கவனிக்க வேண்டியவை

இந்த முறையின் தரத்தை அளக்கும் ‘மிட்டி’ என்ற மதிப்பீட்டுக் கருவி, அமர்வின் 20 நிமிடப் பகுதியைக் கேட்டு எண்ணிக்கை எடுக்கிறது. ஒரு கேள்விக்கு இரண்டு முறையாவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கூற்று வந்தால் அது நல்ல தரம். எண்ணிப் பார்க்காவிட்டாலும், சிகிச்சை பெறுபவருக்கு வேறுபாடு புரியும். அதிகம் பேசியது யார்? கேள்விமேல் கேள்வியாக விசாரணைபோல் இருந்ததா? தகவல் தருமுன் “சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டாரா? ‘குடிகாரர்’ போன்ற முத்திரை விழுந்ததா? தயக்கத்தைச் சொன்னபோது கண்டித்தாரா, புரிந்துகொள்ள முயன்றாரா? முடிவு யார் கையில் விடப்பட்டது?

மொழியும் முக்கியம். சொன்னதன் நுட்பத்தைத் திருப்பிச் சொல்வதே இம்முறையின் உயிர் என்பதால், சிகிச்சை பெறுபவர் எந்த மொழியில் அழுவாரோ, கோபப்படுவாரோ அந்த மொழியில் பேசுபவரே பொருத்தமானவர்.

ஏற்பாடுகள்

பொறுப்பான இணையவழி உளவியலாளர், அமர்வின் தொடக்கத்தில் சிகிச்சை பெறுபவர் அப்போது இருக்கும் இடத்தையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஒருவரின் எண்ணையும் கேட்டுக்கொள்வார். ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்யமாட்டார். கட்டணம், ரத்து விதி, ரகசியம் எந்த நிலையில் மீறப்படும் என்பவற்றை முன்கூட்டியே சொல்வார். வீட்டில் தனியறை இல்லாதவர் இயர்போனோடு மொட்டை மாடியிலோ, நிறுத்திய காருக்குள்ளோ அமர்ந்து பேசலாம். மற்றவர் காதில் விழும் இடத்தில் உண்மை முழுதாக வெளிவராது.

தேடுபவர் மனைவியாகவோ தாயாகவோ இருப்பது பல வீடுகளில் வழக்கம். வர விருப்பமில்லாதவரை வற்புறுத்தித் திரைமுன் உட்கார வைப்பது இந்த முறையின் அடிப்படைக்கே எதிரானது. அந்நிலையில் குடும்பத்தினர் தங்களுக்காகவே ஓர் அமர்வு கேட்கலாம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய ‘கிராஃப்ட்’ என்ற முறை, வீட்டில் எப்படிப் பேசினால் அவர் சிகிச்சைக்கு இணங்குவார் என்பதைக் குடும்பத்தினருக்குக் கற்பிக்கிறது.

பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. புகையிலையை விட உதவும் எண் 1800-11-2356. இலங்கையில் மனநல உதவிக்கு 1926.

முதல் அமர்வு முடிந்ததும், திட்டு வாங்கியதுபோலவோ பாடம் கேட்டதுபோலவோ இருந்தால், வேறு உளவியலாளரைத் தேடுவதில் தவறில்லை. சிகிச்சையையே கைவிட அது காரணமாகிவிடக் கூடாது. தன் காரணங்களைத் தானே சொல்லக் கேட்டு, அடுத்த அடியைத் தானே தீர்மானித்த உணர்வோடு அழைப்பை முடித்திருந்தால், தேடியவர் கிடைத்துவிட்டார் என்று நம்பி, அவரிடமே சிகிச்சையைத் தொடரலாம்.