படைவீட்டுச் சம்புவராயர்கள்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் செல்லும் சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில், பழைய காலத்தில் ஆண்டது யார் என்று கேட்டால் சோழர் என்பார்கள், விஜயநகரம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே தொண்டை மண்டலத்தைத் தனியரசாக ஆண்ட சம்புவராயர்களின் பெயர் யார் வாயிலும் வராது. பள்ளிப் பாடத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. இது நம் ஊர் வரலாற்றுக்கு நாம் இழைக்கும் அநீதி.

செங்கேணி என்ற பட்டத்தோடு சோழருக்குக் கீழ் ஆண்ட சிற்றரசர்கள் இவர்கள். காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கம் கல்வெட்டு, இரண்டாம் ராஜாதிராஜன் காலத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறது. பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில் இலங்கைப் படை புகுந்து சூறையாடுகிறது. எதிர்த்துப் போன சோழப் படைக்குத் தலைவர் பல்லவராயர். எதிரிலிசோழ சம்புவராயரின் மகன். கலங்கிப்போன தகப்பன், கௌட நாட்டிலிருந்து வந்த உமாபதிதேவர் என்ற சைவத் துறவியிடம் ஓடுகிறார். அவர் 28 நாள் பூசை செய்கிறார். பிறகு இலங்கைத் தளபதிகள் தோற்றோடிய செய்தி மகனிடமிருந்து ஓலையாக வருகிறது. நன்றிக்கடனாக ஆர்ப்பாக்கம் ஊரையே துறவிக்குக் கொடுத்துவிடுகிறார். சோழர் கல்வெட்டுகளில் ஒரு தகப்பனின் பதற்றம் இவ்வளவு நெருக்கமாகத் தெரிவது அபூர்வம்.

சோழர் வீழ்ந்தார்கள், பாண்டியரும் தளர்ந்தார்கள். 1311-ல் மாலிக் கபூர் படையெடுப்புக்குப் பின் தெற்கே மேலாட்சி சிதறிய நேரத்தில், வென்று மண்கொண்ட சம்புவராயர் தனியரசரானார். அவரையடுத்து ராஜநாராயண சம்புவராயர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் படைவீடு தலைநகர். ராஜகம்பீரன் மலை கோட்டை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு நின்ற அரசு அது.

1360-களின் தொடக்கத்தில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் கோட்டையை வென்றார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தானை அடைய அவருக்கு இந்த நாட்டைத் தாண்டியாக வேண்டியிருந்தது. வென்ற கதையை அவர் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியத்தில் பாடினார். தோற்றவர்கள் தரப்பில் அப்படியொரு காவியம் இல்லை, கல்வெட்டுகள்தான் இருக்கின்றன.

அவற்றில் திருவொற்றியூர்க் கல்வெட்டுகளை வரலாறு படிப்பவர்கள் தவறவிடக் கூடாது. கோயில் பணிப்பெண்களுக்குள் யார் எந்த வேலை செய்வது என்று ராஜநாராயணர் காலத்தில் எழுந்த வழக்கை அவை சொல்கின்றன. அரசு போனது, கம்பணரின் அதிகாரிகள் வந்தார்கள்; அந்தப் பெண்கள் தங்கள் உரிமையை விடாமல், அதே வழக்கைப் புதிய ஆட்சியின் முன்னும் வைத்தார்கள்.