சாக்குப் பையும் சர்வரும்

இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. 2010-ல் உருவானது, முதுவான் மக்களின் ஊர். அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி.சின்னத்தம்பி நடத்திய டீக்கடையைப் பற்றி 2014-ல் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். கடைக்குள் ஒரு நூலகம். 160 புத்தகங்கள், இரண்டு சாக்குப் பைகள், ஒரு பதிவேடு. சேர 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். பாலில்லாத கட்டன் சாயா இலவசம்.

2013-ல் 37 முறை புத்தகம் வெளியே போய் வந்ததாகப் பதிவேடு சொன்னது. சிலப்பதிகாரமும் அந்தப் பதிவேட்டில் உண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை, அதே மாவட்ட எல்லையில்தான் சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்குக் கூட்டம் ஏறுகிறது.

சின்னத்தம்பிக்கு வாசகரின் முகம் தெரியும். இன்றைய மின்னூலகங்களுக்கு அது தெரியாது. தமிழ் மின்னூலகம் போன்ற தளங்களில் அரிய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பெரிய காரியம்தான். ஆனால் எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்று கணக்கு வைக்கும் சர்வருக்கு, தேடிக் கிடைக்காமல் திரும்பியவர் என்ன கேட்க வந்தார் என்பது புரியாது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே விதி எழுதினார். அதற்கு முதலில் வாசகரிடம் பேச வேண்டும். ஒவ்வொரு நூலகப் பதிவேட்டிலும் ‘கேட்டார், இல்லை’ என்று ஒரு பத்தி கூடுதலாக இருந்தால் போதும்.

மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து நூலகத்துக்கு வரும் தமிழ்வழி மாணவிக்கு நாவலைவிட அவசரமானது கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) இணையப் பதிவாக இருக்கலாம். போட்டோவை எந்த அளவில் ஏற்றுவது, எந்தச் சான்றிதழ் வேண்டும்? இதெல்லாம் நூலகர் வேலையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இதுதான் வேலை. சிக்னல் கிடைக்காத பழங்குடி ஊர்களுக்குப் பாடநூல்களை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தனுப்புவதும் அதில் சேரும்.

பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளம் இன்னும் விசித்திரம். கேரள மண், ஆனால் வண்டிப் பாதை பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத்தான். நூலகச் சட்டங்களோ தனித்தனி: தமிழகத்தினுடையது 1948-ல் வந்தது, கேரளத்தினுடையது 1989-ல். இரண்டு மாநிலங்களின் நூலக அமைப்புகளும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால், பறம்பிக்குளத்துக்குத் தமிழ்ப் புத்தகம் பொள்ளாச்சியிலிருந்தே பஸ் ஏறிவிடும்.